பெட்டியில் கிடைத்த பழைய காசு: என்ன உலோகம், என்ன விலை, எங்கே ஏமாறுவோம்?

போன வருடம் அப்பத்தாவின் டிரங்குப் பெட்டியைப் பிரித்தபோது, பழைய சுங்குடிச் சேலைக்கு அடியில் ஒரு சுருக்குப் பை கிடைத்தது. உள்ளே 43 காசுகள். தலைப்பாகை, கிரீடம், நடுவில் ஓட்டை, தாமரை என்று வகைவகையாக இருந்தன. "இதெல்லாம் லட்சக்கணக்குல போகுதாம்டா, யூடியூப்ல பார்த்தேன்" என்றார் சித்தப்பா. அன்று தொடங்கிய அலைச்சல் நான்கு மாதம் ஓடியது.

அந்த நான்கு மாதத்தில் ஒரு நல்ல காசைப் புளி போட்டுத் தேய்த்துப் பாழாக்கினேன். முகம் தெரியாத ஒருவனுக்குப் "பதிவுக் கட்டணம்" என்று 2,150 ரூபாய் அனுப்பினேன். எடைக்கு எடை என்று ஒரு கடையில் இரண்டு வெள்ளி ரூபாய்களைக் கொடுத்துவிட்டு வந்தேன். அதில் ஒன்று எடைக்குப் போட வேண்டிய காசே அல்ல என்பது பிறகுதான் தெரிந்தது. உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பை இருந்தால், கீழே உள்ள வரிசையிலேயே போங்கள்.

1. கழுவாதீர்கள், துடைக்காதீர்கள்

கறுத்த காசைப் பார்த்ததும் கை பரபரக்கும். புளி, எலுமிச்சை, திருநீறு, பற்பசை எல்லாம் வீட்டிலேயே இருக்கின்றன. குத்துவிளக்குக்குச் செய்வதைக் காசுக்குச் செய்தால் அதோடு அதன் கதை முடிந்தது.

வெள்ளி கறுப்பது ஏன் என்று தெரிந்தால் கை தானாக நின்றுவிடும். காற்றில் கொஞ்சமாக இருக்கும் கந்தக வாயு வெள்ளியோடு சேர்ந்து வெள்ளி சல்பைடாகிறது. துரு போல அது உள்ளே அரித்துக்கொண்டு போவதில்லை. மேலே மெல்லிய படலமாகத் தங்கிவிடுகிறது. சேகரிப்பவர்களுக்கு அந்தப் படலம் வேண்டும். காசின் மேல்பரப்பு இன்னும் கலையாமல் இருக்கிறது என்பதற்கு அதுதான் சாட்சி. திருநீற்றால் தேய்க்கும்போது கறுப்போடு சேர்ந்து ராணியின் முடியில் இருக்கும் மெல்லிய கோடுகளும் போய்விடுகின்றன. பளபளப்பு மட்டும் மிச்சம். வாங்க வருகிறவர் லென்ஸை வைத்துப் பார்த்துவிட்டு, "தேச்சுட்டீங்களா?" என்று ஒரே வார்த்தையில் விலையைப் பாதியாக்குவார். என்னிடம் பாதிக்கும் கீழே போனார்.

செம்புக் காசில் பொடிப்பொடியாக, தொட்டால் உதிர்கிற வெளிர்பச்சை இருந்தால் கதை வேறு. குளோரைடும் ஈரமும் சேர்ந்து செம்பை உள்ளே தின்றுகொண்டிருக்கின்றன. அந்தக் காசை மற்றவற்றிலிருந்து உடனே பிரித்து, ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். வழவழப்பாகப் படிந்த கரும்பச்சை, பழுப்பு ஆகியவற்றால் ஆபத்தில்லை. அவற்றை அப்படியே விடலாம்.

மண் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த நீரில் ஒரு நாள் ஊறவிட்டு, பஞ்சால் ஒற்றி எடுங்கள். பஞ்சால்கூடத் தேய்க்க வேண்டாம். காசை எப்போதும் விளிம்பில்தான் பிடிக்க வேண்டும். விரல் எண்ணெய் பட்ட இடம் சில மாதத்தில் ரேகையாகக் கறுத்து நிற்கும்.

2. முதலில் பிரித்து அடுக்குங்கள்

ஒரு வெள்ளைத் துணியை விரித்து, காசுகளை நான்கு குவியலாகப் பிரியுங்கள்.

அலுமினியக் காசுகள் முதல் குவியல். சதுர 5 பைசா, வளைந்து வளைந்து போகும் 10 பைசா, அறுகோண 20 பைசா எல்லாம் இதில் வரும். கையில் எடுத்தால் எடையே தெரியாது. பை நிறைய இருந்தாலும் பெரிதாக ஒன்றும் தேறாது. 25 பைசாவும் அதற்குக் கீழானவையும் 2011 ஜூன் 30 முதல் செல்லாது, வங்கியிலும் மாற்ற முடியாது. 50 பைசா இன்னும் செல்லும். கடைக்காரர் வாங்க மாட்டார் என்பது வேறு விஷயம்.

இரண்டாவது, சுதந்திரத்துக்குப் பிந்தைய மற்ற காசுகள். 1957 ஏப்ரல் 1-ல் தசம முறை வந்தது. 1964 வரை "நயா பைசா" என்று போட்டிருக்கும். இவற்றில் பெரும்பாலானவை சாதாரணம்தான். ஆனால் காந்தி உருவம் போட்ட 1969-ஆம் வருட 10 ரூபாய்க் காசு இருந்தால் தனியே எடுத்து வையுங்கள். 15 கிராம் எடை, அதில் 80 சதவீதம் வெள்ளி.

மூன்றாவது குவியல் பிரிட்டிஷ் காலத்து ரூபாய், எட்டணா, நாலணா, அணா, காலணா, தம்பிடி. நேரம் செலவழிக்க வேண்டிய குவியல் இதுதான்.

நான்காவது, என்னவென்றே புரியாத சின்னச் சின்னச் செம்புத் துண்டுகள். நம் ஊர்ப் பக்கம் இவை நிறைய அகப்படும். ஒரு பக்கம் அம்மனும் மறுபக்கம் தெலுங்கில் "விஜய" என்ற எழுத்தும் இருந்தால் அது புதுக்கோட்டை அம்மன் காசு. வி, ஓ, சி என்ற ஆங்கில எழுத்துகள் பின்னியிருந்தால் டச்சுக் கம்பெனி காசு. (கப்பலோட்டிய தமிழர் காசு அடித்தாரா என்று சித்தப்பா நிஜமாகவே கேட்டார்.) ஒருவர் நிற்க, பின்பக்கம் ஒருவர் அமர்ந்திருக்க, பக்கத்தில் நாகரி எழுத்து இருந்தால் ராஜராஜன் காசாக இருக்கலாம்.

3. என்னென்ன சாமான் வேண்டும்

0.01 கிராம் வரை காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு அவசியம். 0.1 கிராம் வரை மட்டும் காட்டும் சமையலறைத் தராசு உதவாது. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், பிளாஸ்டிக் வெர்னியர் அளவுகோல், ஒரு நல்ல காந்தம், தையல் நூல், கண்ணாடி டம்ளர். மொத்தமே ஆயிரம் ரூபாயைச் சுற்றித்தான் ஆகும். கோலிக் குண்டு அளவுள்ள பழைய ஸ்பீக்கர் காந்தமே போதும்.

காசு போட்டு வைக்க மெத்தென்ற பிளாஸ்டிக் உறையை வாங்காதீர்கள். பிவிசி கலந்த உறை காலப்போக்கில் பிசுபிசுவென்று பச்சையாக ஒட்டிக்கொள்ளும். காகித உறையோ, காசு வைக்கவென்றே விற்கும் அட்டைச் சட்டமோ போதும்.

4. காந்தம் என்ன சொல்லும், என்ன சொல்லாது

ஒட்டினால் அது வெள்ளியே அல்ல. இந்த ஒரு சோதனையில் என் 43-ல் பதினொன்று கழிந்தன.

"ராஜா தலை போட்ட பழைய ரூபாய் காந்தத்தில் ஒட்டுகிறதே, போலியா?" என்று கேட்பார்கள். பின்பக்கம் புலி இருந்து, வருடம் 1947 என்று இருந்தால் போலி என்று முடிவு கட்ட வேண்டாம். அந்த ரூபாய் நிக்கலால் ஆனது. எட்டணா, நாலணாக்களில் 1946-லும் நிக்கல் வந்தது. இரும்பு, கோபால்ட் போல நிக்கலும் காந்தத்தில் ஒட்டும். சுதந்திரத்துக்குப் பிந்தைய நிக்கல் ரூபாயும் அப்படித்தான். 1988-க்குப் பிறகு வந்த துருப்பிடிக்காத எஃகுக் காசுகள் எல்லார் பையிலும் இருக்கின்றன, அவையும் ஒட்டும்.

ஒட்டவில்லை என்பதால் வெள்ளி என்று ஆகிவிடாது. செம்பு, பித்தளை, ஈயம், ஜெர்மன் சில்வர் எதுவுமே ஒட்டாது. (பெயரில்தான் சில்வர். செம்பும் நிக்கலும் துத்தநாகமும் சேர்ந்த கலவை அது, சொட்டு வெள்ளி கிடையாது.)

சிலர் பனிக்கட்டிச் சோதனை சொல்வார்கள். வெள்ளிக் காசின் மேல் பனிக்கட்டி வைத்தால் வேகமாக உருகும். உண்மைதான், உலோகங்களில் வெப்பத்தை மிக நன்றாகக் கடத்துவது வெள்ளி. செம்பும் கிட்டத்தட்ட அதே வேகத்தில் உருக்கும் என்பதால், பிள்ளைகளுக்கு வேடிக்கை காட்டவே அது உதவும்.

5. எடை போடுங்கள், பிறகு தண்ணீரில் தொங்கவிடுங்கள்

இந்தப் படியை அவசரமில்லாமல் செய்யுங்கள். மற்ற எல்லாவற்றையும்விட இதில்தான் விஷயம் இருக்கிறது.

பிரிட்டிஷ் இந்திய ஒரு ரூபாய் அச்சாகும்போது 11.66 கிராம். எட்டணா அதில் பாதி, 5.83. நாலணா 2.92. புழங்கித் தேய்ந்திருந்தால் ரூபாய் 11.4, 11.5 என்று காட்டும், பரவாயில்லை. 10-க்குப் பக்கத்தில் நின்றால் சந்தேகப்படுங்கள்.

எடை சரியாக இருந்தாலும் உள்ளே என்ன என்பது தெரியாது. 1939 வரையிலான ரூபாயில் வெள்ளி 91.7 சதவீதம். 1940 முதல் 1945 வரை அது 50 சதவீதம்தான். மீதி செம்பு, நிக்கல், துத்தநாகம். இரண்டும் ஒரே எடை, ஒரே அளவு, கண்ணுக்கு ஒரே நிறம். விளிம்பைப் பார்த்தால் தெரியும்: 50 சதவீதக் காசின் பல் வரிசைக்கு நடுவே ஒரு பள்ளமான கோடு ஓடும். ஆனால் போலியைப் பிடிக்க விளிம்பு போதாது. அடர்த்தி வேண்டும்.

செய்முறை இதுதான். காசை எடை போட்டு எழுதிக்கொள்ளுங்கள். பிறகு அரை டம்ளர் தண்ணீரைத் தராசில் வைத்து, பொத்தானை அழுத்திப் பூஜ்யமாக்குங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, தண்ணீருக்குள் முழுதும் முங்கும்படி தொங்கவிடுங்கள். அடியையோ பக்கத்தையோ தொடக் கூடாது. இப்போது தராசு காட்டுவது காசின் எடையல்ல, காசு ஒதுக்கிய தண்ணீரின் எடை. ஒரு கிராம் தண்ணீர் ஒரு கன சென்டிமீட்டர் என்பதால், காசின் கன அளவும் அதுவே. முதல் எண்ணை இரண்டாவது எண்ணால் வகுத்தால் அடர்த்தி.

என் நோட்டிலிருந்து மூன்று காசுகள்:

1907 ரூபாய், எடை 11.58, தண்ணீரில் 1.12. வகுத்தால் 10.34. 91.7 சதவீத வெள்ளிக்கு வர வேண்டிய எண் ஏறக்குறைய அதுவேதான்.

1944 ரூபாய், எடை 11.60, தண்ணீரில் 1.22. வகுத்தால் 9.51. பாதி வெள்ளிக் கலவைக்குச் சரி.

1862 என்று போட்ட ராணி ரூபாய், எடை 10.20, தண்ணீரில் 1.19. வகுத்தால் 8.57. சுத்த வெள்ளி 10.49, செம்பு 8.96. இது செம்புக்கும் கீழே போய்விட்டது. ஜெர்மன் சில்வர் மாதிரியான ஏதோ ஒரு கலவை. வீட்டில் எல்லாரும் பெரிய தொகைக்குப் போகும் என்று நம்பிய காசு இதுதான்.

கை தவறும் இடம் ஒன்று உண்டு. காசில் காற்றுக்குமிழ் ஒட்டியிருந்தால் ஒதுங்கும் தண்ணீர் கூடி, அடர்த்தி குறைவாக வரும். நல்ல வெள்ளியைப் போலி என்று நினைத்துவிடுவீர்கள். நூலை மெல்ல ஆட்டிக் குமிழை விடுவித்து, மூன்று தடவை அளந்து, நடு எண்ணை எடுங்கள். நாலணாவை விடச் சின்னக் காசுக்கு இந்தச் சோதனையை நம்ப வேண்டாம். தராசின் 0.01 கிராம் பிசகே பெரிய வித்தியாசமாகிவிடும். சோதனை முடிந்ததும் ஒற்றி எடுத்துக் காயவிடுங்கள்.

பவுன் காசு வைத்திருப்பவர்களுக்கு இதே சோதனை இன்னும் துல்லியமாக உதவும். பிரிட்டிஷ் சவரன் 7.98 கிராம், 22 காரட், தண்ணீரில் 0.45 கிராம்தான் காட்ட வேண்டும். பித்தளையில் அதே அளவுக்குச் செய்தால் எடை பாதிக்கும் கீழே போய்விடும்.

இதையெல்லாம் செய்ய நேரமில்லை என்றால் தங்கம் சோதிக்கும் மையத்தில் எக்ஸ்-ரே கருவி இருக்கும். கட்டணம் கொஞ்சம்தான், சில நிமிட வேலை. ஆனால் அந்தக் கருவி மேல்பரப்பை மட்டுமே பார்க்கும், முலாம் பூசியதை வெள்ளி என்றே சொல்லும். உரைகல்லில் உரசவோ துளை போடவோ விடாதீர்கள். உரசிய காசு எடைக்குத்தான் போகும்.

6. வருடமும் குறியும்

வருடத்தைப் படித்தவுடன் முடிவுக்கு வராதீர்கள். 1862 என்று போட்ட ரூபாய்கள் 1862-ல் மட்டும் அடித்தவை அல்ல. அதே வருடத்தை வைத்து 1874 வரை அடித்தார்கள். பின்பக்கப் புள்ளிகளை எண்ணித்தான் சேகரிப்பாளர்கள் அவற்றைப் பிரிக்கிறார்கள்.

சுதந்திரத்துக்குப் பிந்தைய காசில் வருடத்துக்குக் கீழே லென்ஸ் வைத்துப் பாருங்கள். எந்த நாணய ஆலையில் அடித்தது என்பதற்கான குறி அங்கே இருக்கும். வைர வடிவம் இருந்தால் மும்பை, நட்சத்திரம் இருந்தால் ஹைதராபாத், புள்ளி இருந்தால் நொய்டா, ஒன்றுமே இல்லாவிட்டால் கொல்கத்தா. ஒரே வருடத்துக் காசில் ஒரு ஆலையில் குறைவாக அடித்திருந்தால் அதற்கு மட்டும் தனி விலை இருக்கும்.

1911 ஜார்ஜ் ரூபாய் இருந்தால் அரசரின் அங்கியில் இருக்கும் யானையைப் பாருங்கள். தும்பிக்கை குட்டையாகிப் பன்றி போலத் தெரிந்ததால் புழக்கத்திலிருந்து திரும்ப எடுத்து, அடுத்த வருடம் திருத்தி அடித்தார்கள். "பன்றி ரூபாய்" என்று தேடி வாங்குகிறார்கள். 1939 ரூபாய் இன்னும் அரிது. அதனாலேயே அதற்குப் போலிகள் ஏராளம். 1938-ன் கடைசி 8-ஐச் செதுக்கி 9 ஆக்கிவிடுவார்கள். லென்ஸில் அந்த எண்ணைச் சுற்றி மட்டும் பரப்பு மழுங்கியிருக்கும்.

7. விலை எப்படித் தெரிந்துகொள்வது

பழசு என்றால் விலை என்பது பெரிய மயக்கம். ராஜராஜன் காலத்துச் செம்புக் காசு ஆயிரம் வருடப் பழசு. ஆனால் எக்கச்சக்கமாகக் கிடைப்பதால் சாதாரண நிலையில் சில நூறு ரூபாய்க்கே வாங்கலாம். 1939 ரூபாய்க்கு நூறு வயதுகூட ஆகவில்லை. எத்தனை மிச்சமிருக்கிறது, எந்த நிலையில் இருக்கிறது, எத்தனை பேர் தேடுகிறார்கள் என்பதைத்தான் சந்தை பார்க்கிறது. ஓட்டைக் காலணா எல்லார் வீட்டிலும் இருக்கிறது. அதனால்தான் அதற்கு விலை இல்லை.

முதலில் அடிமட்ட விலையைக் கணக்கிடுங்கள். 91.7 சதவீத ரூபாயில் சுத்த வெள்ளி ஏறக்குறைய 10.69 கிராம். பாதி வெள்ளி ரூபாயில் 5.83 கிராம். அன்றைய வெள்ளி விலையால் பெருக்கினால் கிடைப்பது உலோக மதிப்பு. கடைக்காரர் கழிவு, சேதாரம் என்று கொஞ்சம் பிடிப்பார். ஆனால் இந்த எண்ணைத் தெரியாமல் கடைக்குள் நுழையாதீர்கள். நான் தெரியாமல் நுழைந்தேன். 91.7 காசையும் "எல்லாம் பாதி வெள்ளிதான் தம்பி" என்று ஒரே தட்டில் போட்டார்கள். நானும் தலையாட்டினேன்.

அடுத்து நிலை. காதுக்கு மேலே முடி, கன்னம், கிரீடத்து முத்து ஆகிய மேடான இடங்கள்தான் முதலில் தேயும். அங்கே கோடுகள் எண்ணும்படி இருந்தால் நல்ல காசு. காசுமாலைக்காகக் கொக்கி பற்றவைத்ததோ துளை போட்டதோ இருந்தால், எவ்வளவு அரிதானாலும் உலோக விலைக்குப் பக்கத்தில்தான் நிற்கும்.

பிறகு ஒப்பிட்டுப் பாருங்கள். இணையத்தில் ஒருவர் 5 லட்சம் என்று போட்டிருப்பது அவர் கேட்கும் விலை. அந்த விலைக்கு யாரும் வாங்கியிருக்க மாட்டார்கள். நாணய ஏல நிறுவனங்கள் முடிந்த ஏலங்களின் விற்ற விலையைத் தங்கள் தளத்தில் வைத்திருக்கின்றன. அதே வருடம், அதே ஆலை, அதே நிலையில் உள்ள காசு என்ன விலைக்குப் போனது என்று ஐந்தாறு ஏலங்களைப் பாருங்கள். அடையாளம் காண நுமிஸ்டா தளத்துப் பட்டியல் இலவசமாகக் கிடைக்கிறது. நேரில் பார்த்துப் பழக எழும்பூர் அரசு அருங்காட்சியகத்து நாணயக் கூடத்துக்கு ஒரு தடவை போய் வாருங்கள். அசல் எப்படி இருக்கும் என்று கண்ணுக்கு ஒரு பழக்கம் வரும்.

8. மாட்டிக்கொள்ளும் இடங்கள்

வைஷ்ணவ தேவி படம் போட்ட 5 ரூபாய், 10 ரூபாய்க் காசு "10 லட்சம்" என்று வீடியோ ஓடுகிறதல்லவா, அதில்தான் நான் மாட்டினேன். 2012-ல் வந்த நினைவுக் காசு அது, இன்றும் செல்லும், பெரும்பாலும் அதன் முகமதிப்புதான். என் கண்ணில் அன்று அது படவில்லை.

வீடியோவுக்குக் கீழிருந்த எண்ணுக்குப் படம் அனுப்பினேன். பத்து நிமிடத்தில் போன். "சார், உங்க காயின் அப்ரூவ் ஆயிடுச்சு. 12 லட்சம். ரிசர்வ் பேங்க் என்ஓசி-க்கு 2,150 மட்டும் போட்டு விடுங்க, அது ரீஃபண்டபிள்." ரிசர்வ் வங்கி முத்திரையோடு ஒரு சான்றிதழும் வந்தது. பணம் போட்டேன். மறுநாள் ஜிஎஸ்டி என்று 8,500 கேட்டார்கள். வங்கியில் வேலை பார்க்கும் தங்கச்சி சொல்லித்தான் தெரிந்தது: பழைய காசு, நோட்டு வாங்குவதிலோ விற்பதிலோ தனக்குத் தொடர்பே இல்லை, எந்தக் கட்டணமோ கமிஷனோ கேட்பதில்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்ட் 4-லேயே அறிவித்திருக்கிறது.

ஆகவே விற்கிறவரிடம் முன்பணம் கேட்டால், அந்த நொடியே போனை வையுங்கள். பணம் வருவதற்கு யுபிஐ பின் போட வேண்டியதில்லை, கியூஆர் ஸ்கேன் செய்ய வேண்டியதில்லை. ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழைத்து, பரிவர்த்தனை எண்ணோடு புகார் கொடுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் முடக்கினால்தான் மீட்க வாய்ப்பு. நான் ஐந்து நாள் கழித்து அழைத்தேன். திரும்பி வரவில்லை.

ராமர் பட்டாபிஷேகம், அனுமன் படங்களோடு "கிழக்கிந்தியக் கம்பெனி 1818" என்று போட்ட காசுகள் இன்னொரு வகை. கம்பெனி அப்படி எதையும் அடிக்கவில்லை. கோவில் வாசலில் விற்கும் வில்லைகள்தான் அவை, பூஜையில் வைக்கலாம். தாமரை போட்ட மஞ்சள் 20 பைசாவில் தங்கம் கலந்திருக்கிறது என்பதும் கதைதான். செம்புக் கலவையின் நிறம் அது. மேலே சொன்ன தண்ணீர்ச் சோதனையைச் செய்து பாருங்கள், நீங்களே சொல்வீர்கள்.

இருப்பதிலேயே ஆபத்தானது அரிசி இழுக்கும் காசு. "இரிடியம் காசு, அரிசியை இழுக்கும், வெளிநாட்டு விஞ்ஞானிகள் கோடிக்கு வாங்குவார்கள்" என்று வருவார்கள். இரிடியம் என்ற உலோகம் உண்டு, அதற்கு அரிசியை இழுக்கும் குணம் கிடையாது. காந்தம் இழுப்பது இரும்பை. அரிசிக்குள் இரும்புக் கம்பித் துணுக்கைச் செருகி, காசுக்குள் காந்தத்தை ஒளித்தால் அரிசி தாவும். உங்கள் வீட்டு அரிசியைக் கொண்டுவந்து இழுக்கச் சொல்லுங்கள். "சூடு பிடிக்கணும், நேரம் சரியில்லை" என்பார்கள். இதில் சொத்தை இழந்தவர்கள் நம் பக்கத்திலேயே இருக்கிறார்கள்.

9. சட்டமும் காகிதமும்

பெட்டியில் கிடைத்தது வேறு, மண்ணில் கிடைத்தது வேறு. அஸ்திவாரம் தோண்டும்போது பானையோடு காசு கிடைத்தால், 1878-ஆம் வருடப் புதையல் சட்டப்படி, மதிப்பு பத்து ரூபாய்க்கு மேல் இருந்தாலே மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். நடைமுறையில் கிராம நிர்வாக அலுவலர், தாசில்தார் வழியாகப் போகும். ஒப்படைத்ததற்கு எண்ணிக்கை, எடை போட்ட ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். உரிமை கோருபவர்கள் வருவதற்கு அறிவிப்பு வெளியான நாளிலிருந்து 4 முதல் 6 மாதம் கழித்து ஒரு நாள் குறிப்பார்கள். உரிமையாளர் இல்லை என்று முடிவாகி, அரசும் எடுத்துக்கொள்ளாவிட்டால், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில் கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரருக்குக் கால் பங்கு. மறைத்தால் ஒரு வருடம் வரை சிறை, பங்கும் போய்விடும்.

நூறு வருடத்துக்கு மேற்பட்ட காசு 1972-ஆம் வருடத் தொல்பொருள் சட்டத்தின்படி தொல்பொருள். தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. "துபாயில் நல்ல விலை, மாமா கையில் கொடுத்துவிடு" என்பதும் ஏற்றுமதிதான். வீட்டில் இருந்ததை விற்பது ஒரு பக்கம் இருக்க, தொல்பொருளை வாங்கி விற்பதைத் தொழிலாகச் செய்வதென்றால் உரிமம் வேண்டும். உங்களிடம் வாங்குகிறவரிடம் அது இருக்கிறதா என்று தயங்காமல் கேளுங்கள்.

நீங்கள் தயார் செய்ய வேண்டியது ஒரு நோட்டு. ஒவ்வொரு காசுக்கும் எண், வருடம், எடை, விட்டம், அடர்த்தி, யாரிடமிருந்து வந்தது. இரு பக்கமும் விளிம்பும் தெரியும்படி, ஜன்னலோரப் பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல் படம் எடுத்து வையுங்கள். பங்காளிகள் இருந்தால் விற்கும் முன்பே எல்லாரும் கையெழுத்திட்ட ஒரு தாள். எங்கள் வீட்டில் காசைவிட அந்தத் தாளுக்குத்தான் அதிக நாள் ஆனது.

10. விற்பது

சாதாரண வெள்ளி ரூபாய்களுக்குக் குறைந்தது மூன்று இடத்தில் விலை கேளுங்கள், ஒரே நாளில். வெள்ளி விலை தினமும் மாறுவதால் திங்கள் கேட்டதையும் வியாழன் கேட்டதையும் ஒப்பிட முடியாது. 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது, வங்கி வழியாகத்தான்.

அரிதானது என்று தோன்றும் காசை மட்டும் ஏலத்துக்குக் கொடுங்கள். பான், ஆதார் நகல், வங்கி விவரம் கேட்பார்கள். விற்பவரிடம் பிடிக்கும் கமிஷன் எவ்வளவு, விற்காவிட்டால் திருப்பி அனுப்பக் காசா, குறைந்தபட்ச விலை யார் வைப்பது, ஏலம் முடிந்து எத்தனை நாளில் பணம் என்ற நான்கையும் எழுத்தில் வாங்குங்கள். பட்டியலில் சேர்வது, ஏல நாள், பணம் வருவது என்று மாதக்கணக்கில் ஆகும். பள்ளிக் கட்டணத்துக்கு நம்பி இருக்க வேண்டாம். காசை ஒப்படைக்கும்போது ஒவ்வொன்றின் எடையும் படமும் ரசீதில் இருக்க வேண்டும். "நாலு ரூபாய் காசு" என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் திரும்ப எழுதச் சொல்லுங்கள்.

எங்கள் 43-ல் கடைசியில் ஒன்பதுதான் வெள்ளி. இரண்டை ஏற்கெனவே எடைக்குத் தொலைத்திருந்தேன். இரண்டு ஏலத்துக்குப் போய், கொடுத்த நாளிலிருந்து ஐந்தாவது மாதம் பணம் வந்தது. நான்கைப் பங்காளிகள் ஆளுக்கொன்றாக வைத்துக்கொண்டார்கள். புளி போட்டுத் தேய்த்த 1903 மட்டும் என்னிடம் இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வந்தால் அதன் மேல்தான் பனிக்கட்டி வைத்துக் காட்டுகிறேன்.